கோடு போட்டவரிடம் கற்றது

பினாங்கில் கார் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்குச் சாலைக் கோடுகள் சம்மன் கணக்காகத்தான் அறிமுகமாகின்றன. இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்தினால் 300 ரிங்கிட். மஞ்சள் கோட்டில் நிறுத்தினால் தனி அபராதம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) சட்டத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருந்தால் தேறிவிடலாம், தமிழிலும் எழுதலாம். அதற்காக மனப்பாடம் செய்யும் பாடத்தில் ஒவ்வொரு கோட்டோடும் ஒரு 'கூடாது' ஒட்டிக்கொண்டிருக்கும். ஏன் கூடாது, அந்தக் கோடு ஏன் அந்த மரத்தடியில் தொடங்கி அடுத்த பாலத்தருகே முடிகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குச் சொல்லித் தந்தவர் என் தாய்மாமா. அவர் சாலைக்குக் கோடு போடும் வேலை பார்த்தவர்.

மாமாவின் அப்பா பொதுப்பணி இலாகாவில் சாலைத் தொழிலாளி. மாமா வேலைக்குப் போன காலத்தில் அந்த வேலைகள் குத்தகைக்காரர்கள் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. அவர் அப்படியொரு குத்தகைக்காரரிடம் சேர்ந்தார். எங்கள் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் இந்த மாதிரிக் குடும்பங்கள் நிறைய. இந்தத் தீவின் சாலைகளுக்கும் நம்மவர்களுக்கும் உள்ள உறவு நீண்டது. 1790-களிலிருந்து இந்தியாவிலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்ட கைதிகள்தான் பழைய சாலைகள் பலவற்றை வெட்டினார்கள், கல் உடைத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் நகராண்மைக் கழகத்திலும் பொதுப்பணி இலாகாவிலும் தார் ஊற்றினார்கள், சாக்கடை வெட்டினார்கள், தெருக் கூட்டினார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை. தெருவில் அவர்கள் கைவேலை மட்டும் இருக்கிறது, அதன் மேல்தான் நாம் தினமும் ஓட்டுகிறோம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இரவு, அத்தை கொடுத்த சோற்றுப் பொட்டலத்தையும் தேத்தண்ணி பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு என் அண்ணனோடு, மாமா வேலை செய்துகொண்டிருந்த ஜாலான் மெக்காலிஸ்டருக்குப் போனேன். பகலில் அந்தச் சாலையை மூட முடியாது. ஊர் அடங்கிய பிறகுதான் வேலை. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து ஒரு லேனை மறித்திருந்தார்கள். முதலில் இருவர் ஒரு நீண்ட நூலைச் சாலையில் இழுத்துப் பிடித்தார்கள். ஒருவர் குனிந்து அந்த நூலோடு போய்ப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். புள்ளி தவறினால் கோடு வளையும், கோடு வளைந்தால் பின்னால் வருகிற வண்டியும் வளையும் என்று மாமா சொன்னார்.

லோரியின் மேல் ஒரு கொதிகலன், அடியில் கேஸ் அடுப்பு. மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூளை அதில் கொட்டிக் கிளறினார்கள். நான் பெயிண்ட் என்று நினைத்திருந்தேன். டின்னில் வரும் பெயிண்டு இல்லை அது. பிசின், வண்ணத்தூள், கல்தூள், கண்ணாடி மணிகள் எல்லாம் கலந்த ஒரு தூள். கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் உருகிக் கூழாகும். அந்தக் கூழைக் கைவண்டியில் ஊற்றி, மாமா இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். வண்டியின் அடியில் உள்ள இரும்புப் பெட்டி சாலையோடு உரசிக்கொண்டு போக, ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளைப் பட்டை விழுந்தது. சூடு முகத்தில் அடித்தது. அது இறுகுவதற்குள், வண்டியின் பின்னால் இருந்த தொட்டியிலிருந்து பொடிப்பொடியான மணிகள் அதன்மேல் கொட்டின. மாமா என் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டார். சீனி போல இருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் உருண்டை. கையை மூடினால் விரலிடுக்கில் ஓடிவிடும்.

"இது இல்லன்னா ராத்திரில கோடே கிடையாதும்மா," என்றார்.

ஹெட்லைட் வெளிச்சம் அந்தக் கண்ணாடி மணிக்குள் புகுந்து, பாதி புதைந்திருக்கும் அதன் பின்சுவரில் குவிந்து, வந்த வழியே திரும்புகிறது. அதனால்தான் கோடு ஓட்டுபவர் கண்ணுக்கே ஒளிர்கிறது. ஓரத்தில் நிற்பவருக்கு அவ்வளவு தெரியாது. மேலே தூவிய மணிகள் டயர் பட்டுத் தேய்ந்து உதிரும்போது, கூழோடு கலந்திருந்த அடுத்த மணிகள் மேலே வரும். ஒரு கோடு வருஷக்கணக்கில் ஒளிர்வது அப்படித்தான். அந்த இரவுக்குப் பிறகு சாலையில் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், பின்பக்கமாக நடந்த ஒரு மனிதர் எனக்குத் தெரிகிறார்.

நான் லைசென்ஸ் எடுத்தது 90-களின் பிற்பகுதியில், கஞ்சில் காரில். பயிற்சிப் பள்ளியில் மேடேற்றம், பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று முறை திருப்புவது என்று எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லித் தந்தார்கள். புது ஓட்டுநருக்கான பி ஒட்டிய புதிதில் மாமா, "வா, பாலிக் பூலாவ் போயிட்டு வரலாம். நீ ஓட்டு," என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துரியான் காலம். ஜாலான் துன் சார்டோனில் ஏறி, மறுபக்கம் இறங்கி, பாலிக் பூலாவில் பழம் தின்றுவிட்டு, வடக்கே தெலுக் பஹாங் மலைப்பாதை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வருவது திட்டம். இந்தத் தீவில் இரட்டைக் கோட்டைப் படிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஆளுக்கொரு லேன்.

வழியில் ஓர் ஏற்றம். அதன் உச்சிக்குக் கொஞ்சம் முன்பு இரட்டைக் கோடு தொடங்கியது. ஓரத்தில் நிறுத்த இடமிருந்தது. மாமா நிறுத்தச் சொன்னார். இருவரும் இறங்கிப் புல்லோரம் நின்றோம்.

"அந்தப் பக்கம் என்ன வருது?"

"ஒரு வெள்ளை வேன் வருது மாமா."

"இப்ப குந்து."

குந்தினேன். வேன் இல்லை. சாலை உச்சியோடு முடிந்து, அதற்கு மேல் வானம்தான் இருந்தது. சில நொடிகளில் அதே வேன் உச்சிக்கு மேல் எழும்பி எங்களைக் கடந்துபோனது.

"காரில் உட்காந்தா உன் கண்ணு இந்த உயரத்துலதான் இருக்கும். கோடு போடச் சொல்றவன் இந்த உயரத்துலேருந்துதான் அளப்பான். இங்கேருந்து எதிர்ல எவ்வளவு தூரம் தெரியுதோ, அந்தத் தூரம் முந்திப்போறதுக்குப் பத்தலன்னா இரட்டைக் கோடு. உன்னத் தடுக்கப் போட்டதில்லம்மா. உனக்குத் தெரியாதத உனக்குச் சொல்லப் போட்டது."

எனக்குச் சாலை மாறியது அந்த இடத்தில்தான். காரோட்டியின் கண் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. லோரியில் இருப்பவருக்கு உச்சிக்கு அப்பால் தெரிவது காரில் இருப்பவருக்குத் தெரியாது; ஆகவே தாழ்ந்த கண்ணை வைத்துத்தான் அளக்கிறார்கள். முந்திச் செல்ல ஒருவர் எதிர் லேனுக்குப் போய்த் திரும்பி வரும் நேரத்தில், எதிரே வருகிற வண்டியும் சும்மா நிற்பதில்லை. இரண்டு வேகமும் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒரு நொடியில் அவற்றின் இடைவெளி 44 மீட்டர் குறைகிறது. முந்திச் செல்லப் பத்து நொடி வேண்டுமென்றால் 440 மீட்டருக்கு மேல் வெறும் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைப்பாதையில் எந்த வளைவில் அவ்வளவு தெரியும்? ஓட்டிக்கொண்டே இந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. வேறொருவர் அங்கே நின்று நிதானமாகப் போட்டு, விடையைத் தரையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நடுக்கோடு என்ற ஒன்று உலகத்துக்கு வந்தே நூறு வருஷம் சொச்சம்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் கவுண்டி என்ற இடத்தில் 1911-ல் எட்வர்ட் ஹைன்ஸ் என்பவரின் முயற்சியால் சாலை நடுவில் வெள்ளைக் கோடு போட்டார்கள். அதற்கு முன் சாலையின் நடு எது என்பதை எதிரெதிரே வருபவர்கள் அந்தந்த நேரத்தில் முடிவு செய்துகொண்டார்கள். பிரிட்டனில் இரட்டை வெள்ளைக் கோடு 1950-களின் பிற்பகுதியில் வந்தது. மலாயாவின் சாலைப் போக்குவரத்து விதிகளும் 1959-ஆம் ஆண்டைச் சேர்ந்தவைதான். இன்றும் சம்மன் சீட்டுகளில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

அன்றைக்கு மாமா காட்டிய இன்னொன்று, ஒன்று முழுக்கோடும் ஒன்று விட்டுவிட்டுப் போகும் கோடுமாக இருக்கும் ஜோடி. உன் பக்கத்தில் இருப்பது எது என்று பார், அதுதான் உனக்கு. மறுபக்கத்துக் கோடு எதிரே வருபவருக்கு. விதி இவ்வளவுதான். ஏன் ஒரே இடத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வளைவைத் தாண்டி வெளியே வருபவருக்கு முன்னால் நேர்சாலை விரிந்து கிடக்கிறது. அதே இடத்தில் வளைவுக்குள் நுழைகிறவருக்குச் சரிவும் புதரும்தான் தெரிகின்றன. நிற்கும் இடம் ஒன்றே என்றாலும் பார்க்கும் திசை வேறு. அதைத் தெரிந்து ஒருவர் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கோடு போட்டிருக்கிறார். அதிலும், விட்டுவிட்டுப் போகும் கோடு 'முந்து' என்று சொல்வதில்லை. பார்வை போதுமான அளவு இருக்கிறது, மீதியை நீ பார்த்துக்கொள் என்கிறது. மழையோ, மூடுபனியோ, துரியான் வாங்க ஓரத்தில் நிற்கும் கார்களோ அளந்தவரின் கணக்கில் இல்லை.

பிறகு நான் வேலைக்குப் போனது பட்டர்வொர்த்துக்கு. பினாங்குப் பாலம்தான் வழி. 1985-ல் திறந்தபோது பாலத்தின் பெரும்பகுதியில் நான்கு லேன்கள், 2009-ல் முழுவதையும் ஆறாக்கினார்கள். தீவுப் பக்கத்தில் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையிலிருந்து பாலத்துக்கு ஏறும் இடத்தில், லேன்களைப் பிரிக்கும் கோடு திடீரென்று தடித்து, துண்டுகள் குட்டையாகி நெருங்கி வரும். இந்த லேன் உன்னோடு நேரே வராது, இன்னும் சற்று தூரத்தில் பிரிந்துவிடும் என்று அர்த்தம். தலைக்கு மேல் உள்ள பலகையை லோரி மறைக்கலாம். தரையில் உள்ளதை அவ்வளவு எளிதில் மறைக்காது. அதைப் படிப்பவர்கள் வெகு தூரத்திலேயே லேன் மாறி வரிசையில் நின்றுவிடுகிறார்கள். படிக்காதவர்களும், படித்தும் பொருட்படுத்தாதவர்களும் கடைசிவரை வந்து, குறுக்குக் கோடுகள் போட்ட முக்கோணத்தின் மேல் ஏறி வெட்டிப் புகுகிறார்கள். அந்த முக்கோணம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்டது: தவறான லேனில் வந்துவிட்டவர் பதறி பிரேக் போட்டால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க அது ஒன்றுதான் இடம். வரிசையை வெட்டுபவர்மீது எனக்குக் கோபம் வருகிறது. வரிசையில் நிற்பவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது ஒரு பக்கம். அந்த ஒதுங்கும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறார் என்பது பெரிது.

பாலத்தின் இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு கோடு. மழை பெய்தால் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே சக்கரம் வழுக்கும். கார்க்காரர்களுக்கு இது தெரிவதில்லை. முன்னால் போகும் மோட்டார் ஒரு அம்புக்குறியைச் சுற்றி வளைந்து போனால் அவர் விளையாடவில்லை, தார் தெரியும் இடமாகப் பார்த்துச் சக்கரத்தை வைக்கிறார். அவருக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். மாமா இத்தனை வருஷமும் மோட்டார்தான் ஓட்டுகிறார். தான் போட்ட கோட்டின் மேலேயே மழையில் ஏறாமல் பார்த்துப் போவார்.

மழை இரவுதான் எல்லாவற்றையும் சோதிக்கிறது. தண்ணீர் ஒரு படலமாகக் கோட்டை மூடிவிட்டால், மணிக்குள் போக வேண்டிய வெளிச்சம் தண்ணீரின் மேலேயே பட்டு முன்னால் சிதறிவிடுகிறது, திரும்பி வருவதில்லை. எதிரே வரும் கார்களின் விளக்கும், கடைப் பலகைகளின் சிவப்பும் நீலமும் சாலையில் நீண்டு கிடக்க, கோடு மட்டும் இருக்காது. அக்டோபர் மழையில் பத்து ஃபெரிங்கி கடலோரச் சாலையில் ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அப்போது கைகொடுப்பது சாலையில் பதித்த பூனைக்கண்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சாலை போடும் தொழில் நடத்திய பெர்சி ஷா என்பவர் 1934-ல் கண்டுபிடித்தது. தண்ணீர்ப் படலத்துக்கு மேலே தலை தூக்கி நிற்பதால் அது ஒளிர்கிறது. நூலும் கொதிகலனும் கொண்டு மாமா செய்ய முடியாததை அந்தச் சின்னப் பெட்டி செய்கிறது. மழையில் எனக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாக எழுந்து வரும்போது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த கண் எங்கே என்று மட்டும் பார்த்து ஓட்டுவேன்.

ஜார்ஜ் டவுனுக்குள் கதை வேறு. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு போட்ட தெருக்கள் மாட்டுவண்டிக்கும் ஆள்நடைக்கும் போட்டவை. டிராம் ஓடிய நாளில் தண்டவாளமே அதற்குப் பாதை. 1936-ல் டிராம் நின்றது, ஜாலான் பினாங்கில் தோண்டியபோது வெளிப்பட்ட தண்டவாளத் துண்டை இன்றும் பார்க்கலாம். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமான பிறகு இந்தத் தெருக்களை அகலப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலானவை ஒருவழி. பல இடங்களில் நடுக்கோடே கிடையாது. கோடு இல்லாததையும் படிக்க வேண்டும்: இந்தத் தெருவில் யாருக்கும் தனி லேன் இல்லை, பேச்சா ரிக்ஷாவுக்கும் சைக்கிளுக்கும் பாட்டிக்கும் உள்ள உரிமைதான் காருக்கும்.

லெபோ பாசார் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் இரட்டைக் கோடு எந்நேரமும் நிறுத்தக் கூடாது என்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அதன் மேலேயே கார்கள் நிற்கும். 'அஞ்சு நிமிஷம்தான் அண்ணே' என்று சொல்லிவிட்டுத் துணிக்கடைக்குள் போவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் நடப்பவர்கள் நடுத்தெருவுக்கு இறங்குகிறார்கள். கைப்பிள்ளையோடு வரும் அம்மாவும், தடியூன்றி மாரியம்மன் கோவிலுக்குப் போகும் பெரியவரும் வண்டிகளுக்கு முன்னால் நடக்க நேர்கிறது. அந்தக் கோடு அவர்களுக்காகக் காலியாக விடப்பட்ட இடம்.

கொம்தார் கோபுரத்தின் சுற்றுவட்டாரச் சந்திகளில் உள்ள மஞ்சள் கட்டமும் இதே மாதிரிதான். லண்டனில் சோதித்துப் பார்த்து 1967-ல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது அது. பச்சை எரிந்தாலும், மறுபக்கத்தில் உன் காருக்கு இடம் இருந்தால்தான் நுழையலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸின் சத்தம் பின்னால் கேட்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உயிர் இருக்கலாம். என் அப்பாவை ஒரு விடியற்காலையில் அப்படிக் கொண்டுபோனோம். வழியில் இருந்த கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அவற்றைக் காலியாக விட்ட ஓட்டுநர்கள் யாரென்று தெரியாது. அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வருஷத்தில் ஒரு சமயம் இந்தக் கோடுகளுக்கெல்லாம் ஓய்வு. தைப்பூசத்தின்போது லெபோ பினாங்கிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி நகரும். வழியெங்கும் தேங்காய்கள் உடையும். லேன், அம்பு, நிறுத்தக் கோடு எல்லாம் மட்டைக்கும் சிரட்டைக்கும் அடியில். ரதம் போன பின்னால் துப்புரவுத் தொழிலாளர்கள் அள்ளி, கழுவி, காலையில் கோடுகளை மறுபடி வெளியே கொண்டுவந்துவிடுவார்கள்.

எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. சாலையைத் தோண்டிக் குழாயோ கேபிளோ பதித்து, மேலே புதுத் தார் போடுகிறார்கள். கோடு போடாமலே போய்விடுகிறார்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். புதுத் தார் கறுப்பு, மழையில் இன்னும் கறுப்பு. வழவழப்பான சாலை என்று எல்லோரும் வேகமாகப் போகிறார்கள், நடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்து மலைச்சாலை வளைவு ஒன்றில் இதுதான் நிலைமை. மாமாவிடம் சொன்னேன். "நிரந்தரக் கோடு போட நாள் ஆகும்மா. ஆனா நாங்க அன்னிக்கு ராத்திரியே சாதாப் பெயிண்டுல ஒரு தற்காலிகக் கோடாவது இழுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்," என்றார். ஒரு நூல், ஒரு டின் பெயிண்ட், இரண்டு ஆள், ஒரு மணி நேரம்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அதைத்தான் எழுதியிருக்கிறேன், வளைவின் படத்தோடு. இரட்டைக் கோடு முன்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை மாமாவே வந்து காலால் அளந்து சொன்னார்; அதையும் படத்தில் குறித்திருக்கிறேன். துரியான் பருவம் தொடங்கினால் அந்தச் சாலைக்குப் பழக்கமில்லாத வெளியூர்க் கார்கள் வரிசையாக வரும். அதற்குள் போட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் நேரிலேயே போவதாக இருக்கிறேன், மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.